அறுநூற்றுப் பதினொரு கருவிகளும் ஒரு குளியலறைக் கதவும்

தேவைக்கு ஒரு கல்லைக் கையில் எடுக்கக் குரங்குக்கும் தெரியும். ஒரு கல் கையில் இருக்கும்போதே அடுத்த கல்லின் மேல் கண் வைத்தவன்தான் மனிதன். நாகரிகம் அந்த இரண்டாவது கல்லில்தான் தொடங்குகிறது என்பது எங்கள் சங்கத்தின் உறுதியான கருத்து. இதைத் தீர்மானமாகவே நிறைவேற்றி, லெட்டர்பேடின் அடியில் அச்சிட்டும் வைத்திருக்கிறோம்.

சங்கத்தின் பெயர் 'நாஞ்சில் கைக்கருவி சேகரிப்போர் பேரவை'. பேரவை என்றால் மொத்தம் மூன்று பேர். தலைவர் தோவாளை பொன்னுலிங்கம். பொருளாளர் குளச்சல் சஜின். செயலாளர், நாகர்கோவில் சத்தியராஜ் என்கிற நான். எல்லோரும் பொறுப்பாளர்களாக இருப்பதால் எங்களுக்குள் கோஷ்டிப் பூசல் கிடையாது. சாதாரண உறுப்பினர் என்று ஒருவர்கூட இல்லாததால் கேள்வி கேட்கவும் ஆள் கிடையாது. இந்த அமைப்பு முறையை மற்ற சங்கங்களும் பரிசீலிக்கலாம்.

நான்காவதாக ஒருவர் சேர வந்தார். மயிலாடியில் சிலை செதுக்கும் ரத்தினம். சஜின்தான் அழைத்து வந்தார். முப்பது உளி வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு நாங்களும் ஆவலாக இருந்தோம். அவர் சாக்கைப் பிரித்துத் தரையில் கொட்டியதும் தலைவரின் முகம் வாடிவிட்டது. எல்லா உளியின் தலையும் அடிபட்டு மலர்ந்திருந்தது. முனைகள் தேய்ந்திருந்தன. ஒன்றுகூடப் பார்க்கிற மாதிரி இல்லை.

"இது ஏன் இப்படி இருக்கு?" என்று தலைவர் கேட்டார்.

"கல்லு கொத்தினா இப்படித்தான் சாரே இருக்கும்."

"எல்லாத்தையும் வச்சா கொத்தினீரு?"

"பின்ன உளிய வச்சு என்ன செய்யதுக்கு?" என்றார் ரத்தினம். அவர் விண்ணப்பத்தை மிகுந்த அனுதாபத்தோடு பரிசீலித்து நிராகரித்தோம். கருவியை வேலை வாங்குகிறவர்களிடம் கருவிகள் தங்குவதில்லை. தேய்ந்து போய்விடுகின்றன.

எங்கள் தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொன்னுலிங்கம் முப்பத்தொரு வருடம் ஓர் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்து ஓய்வுபெற்றவர். கோப்பு கட்டும் நாடாவைத் தவிர வேறு எதையும் அவர் தன் கையால் அவிழ்த்ததாகத் தகவல் இல்லை. பல்பு மாற்றுவது, குழாய்க்கு வாஷர் போடுவது, ஓடாத மிக்சியைத் தட்டி ஓட வைப்பது எல்லாம் அவர் மனைவி செல்லக்கனியின் இலாகா. பிரிவுபசாரத்தில் சால்வையோடு ஒரு சின்ன டூல்ஸ் பெட்டியும் கொடுத்தார்கள். வீட்டில் சும்மா இருக்க வேண்டாமே என்ற நல்லெண்ணம். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தவர், ஸ்பேனர்கள் சின்னதிலிருந்து பெரிதுவரை வரிசையாகப் படுத்திருப்பதைப் பார்த்தார். ஆறு, எட்டு, பத்து. ஏழு இல்லை. ஒன்பது இல்லை. ஒரு கோப்பில் இரண்டு பக்கம் காணாமல் போனதைப் போல அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே ஏழையும் ஒன்பதையும் தேடி நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினார். அன்றைக்கு ஏறியவர் இன்னும் இறங்கவில்லை.

ஐந்து வருடத்தில் அறுநூற்றுப் பதினொரு கருவிகள். ஸ்க்ரூடிரைவர் மட்டும் நூற்று நாற்பத்து மூன்று. சுத்தியல் பதினொன்று, அதில் ஒன்று குதிரைக்கு லாடம் அடிப்பதற்கென்றே செய்யப்பட்டது. தோவாளையில் குதிரை கிடையாதே என்று செல்லக்கனி ஒருமுறை கேட்டார். "இப்பம் இல்ல," என்றார் தலைவர். எதிர்காலத்தை இந்த அளவுக்கு யோசிப்பவர்கள் குறைவு.

அவர்கள் மகள் அபிதா கல்யாணமாகி ஷார்ஜாவுக்குப் போனதும் அவளுடைய அறை காலியானது. அதாவது, காலியாகிவிட்டது என்று தலைவர் முடிவு செய்தார். சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி அடித்து, விளக்குப் போட்டு, கதவில் பித்தளை எழுத்தில் 'கருவூலம்' என்று பொறித்தார். கருவி இருக்கும் இடம் கருவூலம். இந்தச் சொல் நயத்துக்காக அவரைப் பாராட்டித் தனியாக ஒரு கூட்டம் போட்டோம். அபிதா விடுமுறைக்கு வந்தபோது புருஷனோடு ஹாலில் பாய் விரித்துப் படுத்தாள்.

"எனக்க கட்டில் எங்கப்பா?" என்று கேட்டாள்.

"மொட்டை மாடியில தார்ப்பாய் போட்டு மூடியிருக்கு மக்கா. கவலைப்படாத, நட்டு போல்ட்டு எல்லாம் எண்ணிக் கவர்ல போட்டு வச்சிருக்கேன்."

"அதை மாட்டித் தரப்பிடாதா?"

"மாட்டலாம். அதுக்கு ஆளைக் கூப்பிடணும்."

கருவிகளுக்கு வருடம் ஒருமுறை எண்ணெய்க் காப்பு உண்டு. சென்ற சித்திரையில் அதற்காகப் பெட்டிகளை முற்றத்துக்குத் தூக்கும்போது, இருபத்திரண்டு கிலோ பெட்டி ஒன்று தலைவரின் வலது காலில் விழுந்து எலும்பில் விரிசல் விட்டது. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை அவர் ஆம்புலன்சில் படுத்தபடியே என்னிடம் போனில் கேட்டு உறுதி செய்துகொண்டார். அந்த வாரம்தான் அபிதாவின் பிரசவத்துக்காகச் செல்லக்கனி ஷார்ஜா போவதாக இருந்தது. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு அவர் இரண்டு மாதம் கணவரின் காலுக்கு ஒத்தடம் கொடுத்தார். பேத்தி பிறந்ததைப் போனில்தான் பார்த்தார்.

கால் சரியானதும் மறுபடி டிக்கெட் எடுத்தார்கள். ஆனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. திருவனந்தபுரத்திலிருந்து சாயங்காலம் விமானம். பன்னிரண்டேகால் மணிக்குக் கார் வந்துவிடும். செல்லக்கனிக்கு அதுதான் முதல் விமானப் பயணம். அன்றைக்கே பேரவையின் மாதாந்திரக் கூட்டமும் தலைவர் வீட்டில் பத்தரைக்கு இருந்தது. கூட்டத்தை வேறு நாளில் வைக்கக் கூடாதா என்று செல்லக்கனி கேட்டாராம். விமானத்தை வேண்டுமானால் மாற்றலாம், மூன்றாவது வியாழக்கிழமையை மாற்ற முடியாது என்று தலைவர் விளக்கியிருக்கிறார்.

வழியனுப்புவதற்காக என் மனைவி லீலாபாயும் என்னோடு வந்திருந்தாள். முந்திரிக்கொத்தும் அச்சப்பமும் பெட்டியில் நொறுங்காமல் அடுக்கிக் கொடுத்துவிட்டு, "அபிதாவுக்குப் பிச்சிப்பூன்னா உயிரு. நல்லதா வாங்கிட்டு வாறேன் அக்கா," என்று பூச்சந்தைக்குப் போனாள். செல்லக்கனி பயணத்துக்கான பட்டுச்சேலை கட்டி, முகம் கழுவக் குளியலறைக்குள் போனார். ஹாலில் நாங்கள் இரண்டாவது பொருளை விவாதித்துக்கொண்டிருந்தோம். பேரவையின் ஆவணங்களில் 'ஸ்க்ரூடிரைவர்' என்று எழுதுவதா, 'திருப்புளி' என்று எழுதுவதா என்பது பொருள். அப்போது மணி பதினொன்று ஐந்து.

"கேட்டியளா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இந்தக் கதவு தெறக்க மாட்டேங்கு."

"கூட்டம் நடக்குல்லா கனி," என்றார் தலைவர்.

"கூட்டம் நடக்கட்டும். கதவு தெறக்க மாட்டேங்கு."

கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டுக் கதவின் முன் கூடினோம். நாலு நாளாக விடாத சாரல். தேக்குக் கதவு ஊதிப்போய்ச் சட்டத்தில் இறுகியிருந்தது. சஜின் கைப்பிடியைத் திருப்பினார். அது ராட்டினம் போலச் சுற்றியதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

"உள்ள பூட்டுக்க நாக்கு சிக்கிக்கிட்டு," என்றார் செல்லக்கனி. அவர் குரலில் பதற்றம் இல்லை. "எனக்க பக்கம் கைப்பிடித் தகட்டுல நாலு ஸ்க்ரூ இருக்கு. அதைக் கழத்தினா தகடு வந்திரும். பெறவு நாக்கைக் கையால இழுத்துக்கிடலாம். பின்னால வென்டிலேட்டர் வழியா ஒரு ஸ்க்ரூடிரைவர் தாங்க. நான் பாத்துக்கிடுதேன்."

நூற்று நாற்பத்து மூன்று ஸ்க்ரூடிரைவர்கள் இருக்கும் வீட்டில், ஸ்க்ரூடிரைவருக்கு ஒரு வேலை வந்துவிட்டது. பேரவையின் வரலாற்றில் இப்படி நடந்ததே இல்லை. தலைவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, லேசாகக் காலைத் தாங்கியபடி நடந்து போய், கருவூலத்தைத் திறந்து எல்லா விளக்கையும் போட்டார். நான் மினிட்ஸ் புத்தகத்தில் நேரத்தைக் குறித்தேன்.

"ஸ்டாரா கனி, பிளாட்டா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"நடுவுல ஒரு கோடு கெடக்கு."

"அப்பம் பிளாட்டு. கோட்டுக்க நீளம் எவ்வளவு?"

"முகம் கழுவ வரும்போ ஸ்கேல் கொண்டுட்டு வரல்ல."

"ஒரு உத்தேசமா சொல்லு."

"எனக்க சுண்டுவிரல் நகத்துல பாதி இருக்கும்."

தலைவர் சஜினைப் பார்த்தார். சஜின் பன்னிரண்டு வருடம் மஸ்கட்டில் ஒரு கம்பெனியின் டூல்ஸ் ஸ்டோரில் இருந்தவர். அளவு விஷயத்தில் அவர் சொல்வதுதான் எங்களுக்குக் கடைசிச் சொல். "சுண்டுவிரல் நகம் ஆளுக்கு ஆள் மாறும் சாரே," என்றார் அவர். "அக்காவுக்கு எவ்வளவு வரும்?"

தலைவர் யோசித்தார். முப்பத்து நாலு வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்த மனைவியின் சுண்டுவிரல் நகம் எவ்வளவு இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. பதினேழு மில்லிமீட்டர் ஸ்பேனரைக் கண்ணைக் கட்டிக்கொண்டு தொட்டுச் சொல்லும் மனிதர். முகம் கொஞ்சம் கறுத்துவிட்டது. கடைசியில் ஆறு மில்லிமீட்டர் என்று நாங்கள் மூவரும் ஒருமனதாக முடிவு செய்தோம்.

பிளாட்டு, ஆறு மில்லிமீட்டர் என்ற தகுதிக்குள் இருபத்தேழு வந்தன. மேசையில் பச்சைத் துணி விரித்து வரிசையாகப் படுக்க வைத்தோம். முதல் ஒன்பதும் செட்டில் உள்ளவை. செட்டைப் பிரிக்கக் கூடாது. அடுத்த ஆறும் உறை பிரிக்காதவை. அவற்றைப் பற்றிப் பேசுவதற்கே எதுவும் இல்லை. நாலுக்கு அன்றுதான் எண்ணெய் பூசியிருந்தது. ஏழு எண்ணெய்த்தாளில் சுற்றியிருந்தன. ஒன்றின் பிடி மரப்பிடி. இங்கிலாந்திலிருந்து மூன்று மாதம் காத்திருந்து வரவழைத்தது.

"இதைக் கொடுக்கலாமா?" என்று கேட்டேன்.

"குளிமுறி ஈரமா இருக்கும்லா சாரே," என்றார் சஜின். "துரு."

அந்தச் சொல்லை அவர் கருவூலத்துக்குள் சொல்லியிருக்க வேண்டாம். தலைவர் மரப்பிடியை அவசரமாகத் துடைத்துத் திரும்ப உள்ளே வைத்தார்.

"தாறியளா, இல்லியா?" என்று குரல் வந்தது.

"அக்கா, எதைக் கொடுத்தாலும் முதல்ல ஒரு ஸ்லிப்பு வேணும்," என்று சஜின் கதவருகே போய் மரியாதையாகச் சொன்னார். "எங்க ஸ்டோர்ல மேனேஜர் வந்து கேட்டாலும் ஸ்லிப்பு இல்லாம நான் கொடுத்ததில்ல. சாமானம் கைமாறினா வாங்கினவங்க கையெழுத்து வேணும்." சீட்டை எழுதி, பேனாவோடு கதவின் அடி இடுக்கில் தள்ளினார். கொஞ்ச நேரத்தில் சீட்டு திரும்பி வந்தது. கையெழுத்து இல்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் 'மணி என்ன' என்று எழுதியிருந்தது.

மணி பதினொன்று இருபத்தைந்து. சொன்னோம்.

பிறகு செல்லக்கனி பேசினார். எங்களிடம் பேசியது போல இல்லை, கதவிடம் பேசியது போல இருந்தது. "பிள்ளை பொறந்து அம்பத்தாறு நாளாச்சு. அபிதா தனியாத்தான் குளிப்பாட்டுதா. நேத்து போன்ல சொல்லுதா, அம்மா, இவளுக்கு உங்க கை வேணும்னு. எனக்க கை இங்க கைப்பிடியைப் பிடிச்சுட்டு நிக்கு."

தலைவர் எழுந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மேசையிலிருந்து ஒன்றை எடுத்தார். ஜப்பானில் செய்தது. எண்ணெய்த்தாளைப் பிரித்தார். பின்வாசல் வழியாகப் போய், துணி துவைக்கும் கல்லின் மேல் சிரமப்பட்டு ஏறி நின்றார். வென்டிலேட்டரின் கண்ணாடிச் சட்டங்களுக்கு நடுவிலிருந்து செல்லக்கனியின் கை வெளியே நீண்டது. புது வளையல் போட்டிருந்தார். உள்ளங்கை விரிந்திருந்தது. தலைவர் ஸ்க்ரூடிரைவரை அந்தக் கையை நோக்கிக் கொண்டுபோனார். சாரல் விட்டிருந்த நேரம். வெயில் பட்டு அதன் முனை ஒருதரம் மின்னியது.

அவர் கை பாதியில் நின்றுவிட்டது.

"கனி," என்றார். "இதுக்க முனை கண்ணாடி மாதிரி இருக்கு."

"இருக்கட்டும். தாங்க."

"ஒரு ஸ்க்ரூல பட்டாலே கோடு விழுந்திரும்."

கை அப்படியே இருந்தது. ஒரு நிமிடம் இருந்திருக்கும். பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி, வளையல் கண்ணாடியில் உரசாமல் மெதுவாக உள்ளே போனது. தலைவர் கல்லிலிருந்து இறங்கி, ஜப்பான்காரனை எண்ணெய்த்தாளில் சுற்றினார். கலை உணர்வுக்கும் இல்லறத்துக்கும் இடையே ஒரு மனிதன் இவ்வளவு நேர்மையாகத் தவித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பதினொன்று முப்பத்தைந்துக்கு அவசரக் கூட்டம் முறைப்படி கூடியது. கதவை உடைக்கலாம் என்ற யோசனை வந்தது. பதினொரு சுத்தியல்களையும் பரிசீலித்தோம். தேக்கில் அடித்தால் சுத்தியலின் முகம் சிதையும் என்பதால் கைவிட்டோம். குதிரைச் சுத்தியலைக் கொடுக்கத் தலைவர் அரைமனதாகச் சம்மதித்தார். ஆனால் அது குதிரைக்கானது என்று சஜின் ஆட்சேபித்தார். கடைசியில் அவரே தோளால் இரண்டு முறை மோதினார். கதவு அசையவில்லை. அவர் தோளிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

பிறகுதான் தலைவருக்கு அந்த யோசனை தோன்றியது. எளிமையான யோசனை. எல்லா மகத்தான யோசனைகளும் எளிமையானவைதான்.

"நம்மகிட்ட இருக்கது எல்லாம் நல்ல சாமானம். அதனாலதான் இந்தக் கஷ்டம்," என்றார். "உபயோகத்துக்குன்னு மட்டமா ஒரு ஸ்க்ரூடிரைவர் வாங்கிட்டு வந்தா என்ன?"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. முன்மொழிந்தவர் தலைவர். வழிமொழிந்தவர் நான். சஜின் தோளைத் தடவிக்கொண்டே பைக்கை எடுத்தார். செல்லக்கனியிடம் விஷயத்தைத் தெரிவித்தோம்.

"நூத்தி நாப்பத்து மூணு இருக்குல்லா," என்றார் அவர்.

"நூத்தி நாப்பத்து நாலாவது வருது கனி. பொறு," என்றார் தலைவர்.

தெரு முக்கிலிருக்கும் இரும்புக் கடைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. சஜின் இருபது நிமிடம் கழித்துத் திரும்பினார். கையில் ஒரு நீளமான அட்டைப்பெட்டி. முகத்தில் புதுமாப்பிள்ளைக் களை.

"மட்டமானது ஒண்ணு கேட்டேன் சாரே. அவன் எடுக்கப் போனான். அப்பம் மேல் தட்டுல இது இருக்கு. மூணு பீஸ். தைவான் சாமானம். காந்த முனை. இந்த முக்குக் கடையில இப்படி ஒண்ணு தூசி பிடிச்சு இருக்குன்னா யாரு நம்புவா?"

தலைவர் பெட்டியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். நல்ல சாமானம்தான்.

"ஆறு மில்லி உண்டா?"

"உண்டு. நடுவுல இருக்கது ஆறு."

"அப்பம் அதைக் கொடுப்போம் மக்கா."

சஜின் பெட்டியை மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டார். "எப்படி சாரே கொடுக்கது? இது செட்டுல்லா."

"மட்டமானது எங்க?"

"இதைப் பாத்த பெறவு அதை வாங்க எப்படி மனசு வரும்?"

இந்தக் கேள்விதானே எங்கள் பேரவை.

அந்த நேரத்தில் வாசலில் கார் ஹாரன் கேட்டது. கூடவே லீலாபாய் வாழையிலைப் பொட்டலத்தோடு உள்ளே வந்தாள். சந்தையில் நல்ல பிச்சி வருவதற்காகக் காத்திருந்திருக்கிறாள். "அக்கா எங்க? வண்டி வந்து நிக்கு."

"உள்ள இருக்கா," என்றார் தலைவர், குளியலறையைக் காட்டி. "கதவு பூட்டிக்கிட்டு."

"எவ்வளவு நேரமா?"

நான் மினிட்ஸ் புத்தகத்தைப் பார்த்துச் சரியாகச் சொன்னேன். "ஒரு மணி நேரம் ஐந்து நிமிடம்."

அவள் என்னைப் பார்த்தாள். மேசையில் பச்சைத் துணியில் படுத்திருந்த ஸ்க்ரூடிரைவர்களையும் பார்த்தாள். பூப் பொட்டலத்தை அவற்றின் மேலேயே வைத்துவிட்டு, கதவில் வாயை வைத்து இரண்டு வார்த்தை கேட்டாள். உள்ளேயிருந்து இரண்டு வார்த்தை பதில் வந்தது. நேரே அடுக்களைக்குப் போய், மீன் வெட்டும் பிச்சாத்தியை எடுத்தாள். முனை மழுங்கி, பிடி உடைந்து, நூல் சுற்றி வைத்திருந்த பிச்சாத்தி. அதைக் கையில் பிடித்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள்.

"லீலா, அதுக்க முனை ஆறு மில்லி வருமா?" என்று தலைவர் அக்கறையோடு கேட்டார். அவள் காதில் விழவில்லை போலிருக்கிறது.

துவைக்கும் கல்லில் ஏறி நின்று நீட்டினாள். "அக்கா, மழுங்கின பிச்சாத்திதான். போதுமா?"

"போதும். தா."

உள்ளே இரும்பு கிறீச்சிடும் ஒலி நாலு முறை கேட்டது. தகடு தரையில் விழுந்தது. ஒரு இழுப்பு. கதவு திறந்தது. மொத்தம் நாலு நிமிடம் என்று குறித்திருக்கிறேன்.

செல்லக்கனி வெளியே வந்தார். பட்டுச்சேலை கசங்கவில்லை. நெற்றியில் வியர்வை. யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நாங்கள் விளக்கம் சொல்லியிருப்போம். ஒரு கையில் பிச்சாத்தி, மறு கையில் நாலு ஸ்க்ரூ. பிச்சாத்தியைக் கழுவி அதன் இடத்தில் வைத்தார். திரும்பி வந்து, கணவரின் கையைப் பிடித்து விரித்து, ஸ்க்ரூக்களை உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"இதையும் சேத்து வச்சுக்கிடுங்க," என்றார். "நாலும் ஒரே செட்டு. பிரிச்சிராதிங்க."

லீலாபாய் அவர் தலையில் ஒரு முழம் பிச்சி வைத்துவிட்டாள். மீதியை இலையோடு பையில் வைத்தார்கள். பெட்டிகளைத் தூக்கி வண்டியில் ஏற்றியது டிரைவரும் லீலாபாயும்தான். சஜினுக்குத் தோள், தலைவருக்குக் கால், எனக்கு மினிட்ஸ் புத்தகம். கார்க் கதவை மூடும்முன் தலைவர் குனிந்து கேட்டார்.

"கனி, எப்பம் வருவ?"

"மூணு மாச விசா. பெறவு பாக்கணும்," என்றார் அவர். "அபிதா வீட்டுல எல்லாக் கதவும் தெறக்குமாம்."

வண்டி போய்விட்டது. ஆரல்வாய்மொழிக் காற்று வாசலில் கிடந்த நாலு பிச்சி மொட்டுகளை உருட்டிக்கொண்டு போனது. நாங்கள் உள்ளே வந்து, ஒத்திவைத்த கூட்டத்தைத் தொடர்ந்தோம். கீழ்க்கண்ட தீர்மானத்தை நான் முன்மொழிந்தேன்: 'ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நீடித்த நெருக்கடி நிலையிலும், பேரவைத் தலைவரின் சேகரிப்பில் உள்ள எந்த ஒரு கருவிக்கும் கீறலோ, துருவோ, தேய்மானமோ ஏற்படாமல் பாதுகாக்கப்பட்டதை இக்கூட்டம் மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறது.' சஜின் வழிமொழிந்தார். தலைவர் மூடிய கையைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன சைசு மக்கா?" என்று சஜினிடம் கேட்டார்.

சஜின் கேலிப்பரை வைத்து அளந்தார். "அஞ்சு மில்லிதான் சாரே."

"அஞ்சா," என்றார் தலைவர். "அப்பம் அவ நகம் சின்னது." கூட்டம் இனிதே நிறைவுற்றது.

ஸ்கூட்டரில் திரும்பும்போது மறுபடி சாரல் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும், நனைந்த சட்டையைக் கழற்றி லீலாபாயிடம் கொடுத்தேன். துவைக்கப் போடுமுன் வழக்கம்போலப் பையைத் தடவினாள். இடது பக்கப் பையிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். சின்னது. பிளாட்டு. உறைக்குள் இருந்தது.

"இது எப்பம் வாங்கினது?"

"காலையில. வடசேரியில பெட்ரோல் போட நின்னோம்லா, அப்பம்."

அன்றைய கூட்டத்தில் புதுவரவாக அறிமுகப்படுத்துவதற்காக வாங்கியது. நெருக்கடி காரணமாக அதற்குச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை என்பதையும் விளக்கினேன். அவள் உறையின் மேல் எழுதியிருந்ததைக் கண்ணருகே கொண்டுபோய் வாசித்தாள். ஐந்து மில்லி என்று போட்டிருந்தது.

"அப்பம் அக்கா உள்ள கெடந்து கையை நீட்டினப்பம், இது உங்க பையிலதான் இருந்துது."

"பையிலதான்."

"ஒரு மணிக்கூறு."

"ஒரு மணி அஞ்சு நிமிஷம்," என்று திருத்தினேன்.

அவள் சட்டையைப் பார்த்தாள், பிறகு சட்டையில்லாமல் நின்ற என்னைப் பார்த்தாள். "அவ்வளவு நேரமும் இது உங்களுக்கு நெஞ்சுல குத்தல்லியா?"

செயலாளர் என்ற முறையில் நான் உண்மையை மறைத்துப் பழக்கமில்லை.

"இல்ல," என்றேன். "கவரு பிரிக்கல்லல்லா."